வியாழக்கிழமை முகம்

நான் வரையும் கேலிப்படம் வெள்ளிக்கிழமை காலையில்தான் வெளியே போகும். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலமே, படத்தில் இருக்கும் ஆள் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, இந்த வாரம் நம்மளப் போடுறீகளாமே? போட்டுக்கங்க, வேணாம்னு சொல்லல. தொந்திய மட்டும் கொஞ்சம் பாத்துப் போடுங்க. பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம்."

பேசியவர் எங்கள் வார்டு கவுன்சிலர். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை மூடாமலே விட்டிருந்தார்கள். அந்தப் பள்ளத்துக்குள் கட்டில் போட்டு அவர் நிம்மதியாகத் தூங்குவதுபோல வரைந்திருந்தேன். தொந்திதான் அந்தப் படத்துக்கே உயிர். போனை வைத்தேன். தொந்தியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இவருக்கு யார் சொன்னது?

சந்தேகப்படுவது என் சுபாவம். தொழிலும் அதுதான். ஒரு மனிதன் சிரித்தால் அவன் பல்லைப் பார்ப்பேன், கும்பிட்டால் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு கும்பிடுகிறான் என்று பார்ப்பேன். சென்னையில் நான் வேலை பார்த்த வாரப் பத்திரிகையை மூடியபோது, மூடப்போகிறார்கள் என்று எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடித்தவன் நான். கண்டுபிடித்து ஒன்றும் ஆகவில்லை, எல்லோரோடும் சேர்ந்துதான் வெளியே வந்தேன். காரைக்குடிக்குத் திரும்பி, எனக்கு மேலே ஆசிரியரோ முதலாளியோ வேண்டாம் என்று முடிவு செய்தேன். வாரம் ஒரு படம், ஊர்க்காரியம் பற்றி. சந்தா கட்டியவர்களுக்கு வெள்ளிக்கிழமை காலையில் போனில் போய்ச் சேரும். அது போதாது என்பதால், கல்யாணப் பத்திரிகைக்கு மாப்பிள்ளை பெண்ணைக் கேலிப்படமாக வரைந்து கொடுப்பேன். மாப்பிள்ளைக்கு முடியைக் கூட்டி, பெண்ணுக்குக் கண்ணைப் பெரிதாக்கி வரைகிற வேலை. வயிறு நிரம்பும், மனது நிரம்பாது. மனது நிரம்புவது வெள்ளிக்கிழமைப் படத்தில்தான்.

அது வெளியே போகுமுன் அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் மனைவி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. இன்னொருவர் பாய்.

பாய் என்றால், நான் வரைகிற மாடி அறைக்கு நேர் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். வளைகுடாவில் ஓர் அச்சகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். நான் இன்னும் நிப் பேனாவில் மை தொட்டுத்தான் வரைகிறேன். டேப்லட் வாங்கிக்கொள்ளச் சொல்லாதவர்கள் கிடையாது. இன்டர்நெட் இருக்கிற எந்தப் பெட்டியிலும் என் படம் தங்குவதை நான் விரும்புவதில்லை. போனில் படம் பிடித்தால் கோடு சாம்பல் பூத்துப்போகும். அதனால் ஏ3 காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வியாழக்கிழமைதோறும் பாய் கடைக்கு இறங்குவேன். அவரிடம்தான் பெரிய ஸ்கேனர் இருந்தது.

ஸ்கேன் ஒரு சாக்கு என்றும் சொல்லலாம். பாய் சிரிப்பதைப் பார்க்கத்தான் நான் இறங்குவேன். "மாப்ள, இந்த வாரம் மாட்டுனது யாரு?" என்று காகிதத்தை விரிப்பார். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு தோள் குலுங்கும். கடைசியில் தும்மல் மாதிரி ஒரு சத்தம் வெடிக்கும். அது வராத வாரம் படத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடித் திருத்தியிருக்கிறேன். சென்னையில் எந்த ஆசிரியரும் அந்தத் தோள் அளவுக்கு எனக்குச் சரியாகச் சொன்னதில்லை. சந்தாதாரர்கள் போனில் அனுப்புகிற சிரிப்புப் பொம்மைகளை நான் நம்புவதில்லை. பாயின் தோளை நம்பினேன்.

அடுத்த வாரம் ஒரு சோதனை வைத்தேன். கல்யாண மண்டபத்துக்காரர் ஒருவர் எச்சில் இலையை ஊருணிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தார். அவரைத்தான் வரைந்தேன். மனைவியிடம் மட்டும், புடவைக் கடைக்காரரை வரைகிறேன் என்று சொல்லி வைத்தேன். பாய் வழக்கம்போல ஸ்கேன் செய்தார், தும்மினார். சாயங்காலம் மண்டபத்திலிருந்து ஒரு பையன் ஐந்தடுக்கு டிபன் கேரியரோடு வீட்டு வாசலில் வந்து நின்றான். முதலாளி கொடுக்கச் சொன்னாராம், வேறொன்றும் சொல்லவில்லையாம்.

அதை நான் தொடவில்லை. மனைவி ஒவ்வோர் அடுக்காகத் திறந்து, பாயசத்தைக் கொஞ்சம் ருசி பார்த்தாள்.

"நல்லாத்தேன் இருக்கு. ஆமா, புடவைக் கடைக்காரருன்னுல சொன்னீக? இவரு எதுக்குச் சோறு அனுப்புறாரு?"

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்னயச் சோதிச்சீகளாக்கும். நீங்க போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும்." கேரியரை மூடினாள். "பாயைப் போயி இப்பிடிச் சோதிச்சுராதீக. எனக்காச்சும் ஒங்க புத்தி தெரியும்."

அவள் தேறிவிட்டாள் என்றால் மிச்சம் ஒருவர்தான். அன்று ராத்திரி முழுக்கப் பாயின் கொடுக்கல் வாங்கல்களை எல்லாம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். கவுன்சிலருக்கு வாக்காளர் பட்டியல் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பவர் இவர்தானே? மண்டபத்துக்கு மொய் நோட்டு அட்டை அடித்துக் கொடுத்தவரும் இவர்தானே? சந்தேகம் பிடித்துவிட்டால் ஜெராக்ஸ் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவன்கூடச் சதிகாரனாகத்தான் தெரிவான்.

மூன்றாம் வாரம் மழை. சாரல் காகிதத்தில் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு மினிபஸ் முதலாளியை வரைந்து முடித்தேன். கீழே இறங்கினேன். கடையில் கல்லூரிப் பெண்கள் புராஜெக்ட் பைண்டிங்குக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். பாய் படத்தை விரித்தார், தோள் குலுங்கியது. எனக்கு அந்தக் குலுக்கலே நடிப்பாகத் தெரிந்தது.

ஸ்கேன் முடிந்ததும் சொன்னேன்: "பாய், பென்டிரைவ்ல ஏத்திட்டு, ஒங்க கம்ப்யூட்டர்ல இருந்து அழிச்சிருங்க."

"அழிக்கலாம் மாப்ள, எங்க போகுது."

"இப்பவே. என் கண் முன்னாடி. ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிருங்க."

பைண்டிங்குக்கு வந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பாய் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு சொன்னபடி அழித்தார், ரீசைக்கிள் பின்னைத் திறந்து காலி செய்தார், அது காலியாக இருப்பதை நான் பார்க்கும்படி நாற்காலியை விலக்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததையும் நான் குற்றத்தில்தான் சேர்த்தேன்.

அந்த வாரம் யாரும் போன் செய்யவில்லை, சோறும் வரவில்லை. எனக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. அழிக்கச் சொன்னதும் வாய் அடைத்துவிட்டது பார் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதற்கடுத்த வாரம் படத்தைச் சுருட்டி அட்டைக் குழாயில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு திருப்பத்தூர் பஸ்ஸுக்கு நடந்தேன். பாய் கடை வாசலில் நின்றார். குழாயைப் பார்த்தார், நான் போகும் திசையைப் பார்த்தார். நான் போனில் பேசுவதுபோல் பாவனை செய்துகொண்டு கடந்துவிட்டேன். திருப்பத்தூரில், சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் ஸ்கேன் எடுத்தேன். மெஷினில் இருந்த பெண் படத்தைத் தலைகீழாக வைத்து, தலைகீழாகவே எடுத்து, தலைகீழாகவே கையில் கொடுத்தாள். அவள் எங்கே பார்த்தாள், சொல்வதற்கு. எனக்குப் பரம திருப்தி.

அந்தப் படம் பழைய வீடுகளைப் பிரித்து விற்கும் வியாபாரி ஒருவரைப் பற்றியது. வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர் வீடியோ காலில் தன் வீட்டைக் காட்டச் சொல்கிறார். வியாபாரி கதவு நிலையை மட்டும் போனுக்கு முன்னால் தூக்கிப் பிடித்திருக்கிறார், பின்னால் வெட்டவெளி. யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை.

திரும்பி வந்து பார்த்தால், என் மாடிப்படியில் அந்த வியாபாரி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, வாங்க. இந்த வாரம் என்னயத்தேன் போடுறீகளாம்ல. ரொம்பச் சந்தோசம். படத்துக்குக் கீழ கடை போன் நம்பரையும் போட்டுவிட்டா ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"யார் சொன்னா? எனக்கு அது மட்டும் தெரியணும்."

"யாரும் சொல்லல. வாங்க, காமிக்கிறேன்." என் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்து எதிர் டீக்கடைக்குக் கூட்டிப்போனார். டீ மாஸ்டர் என்னைக் கண்டதும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பெஞ்சில் இருந்த ஆட்டோக்காரரிடம் வியாபாரி, "அந்த வீடியோவைக் காட்டப்பா" என்றார்.

போனில் என் ஜன்னல் தெரிந்தது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் நான். தலையைக் குனிந்து வரைகிறேன், நிமிர்கிறேன். இடது கண் பாதி மூடுகிறது. கீழுதடு வலது பக்கம் இழுத்துக்கொள்கிறது. விலை சொல்லிவிட்டு எதிராளி மடங்குவானா என்று பார்க்கிறவனைப்போல மோவாய் மெதுவாக உயர்கிறது. அது நானே இல்லை. அது முழுக்க முழுக்க அந்த வியாபாரி. அவரோ என் தோளுக்குப் பின்னால் நின்று அதே உதட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு முகத்தை வரையும்போது அதை என் முகத்தில் போட்டுப் பார்ப்பேன். இந்தத் தொழிலில் பலருக்கும் உள்ள பழக்கம்தான். உதட்டை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று தன் உதட்டை இழுத்துப் பார்த்தால்தான் கைக்குத் தெரியும். அறைக்குள் தனியாக இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். டீக்கடைக்கு வருகிறவர்களின் முகங்களை வேவு பார்க்கத்தான் அந்த ஜன்னலுள்ள அறையாகப் பார்த்து வாடகைக்குப் பிடித்தேன். அவர்களும் என்னைப் பார்க்கலாம் என்று, உலகத்தையே சந்தேகப்படுகிற எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

"வியாழக்கிழமையானா இங்குட்டு டீப் பந்தயம் ஓடும்ணே," என்றார் டீ மாஸ்டர். "யாரு மொகம்னு மொதல்ல சொல்றவகளுக்கு டீ. சாயங்காலத்துக்குள்ள அந்த ஆளுக்கே வீடியோ போயிரும். கவுன்சிலரு தூங்குன மாதிரி நீங்க வாயைப் பொளந்தீக பாருங்க, கடையே கைதட்டுச்சு. அன்னைக்கி மழைக்கு ஜன்னலச் சாத்திட்டீக, பொழுதே போகல."

இப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் என் புத்தி கேட்டது: "பாயும் பந்தயம் கட்டுவாரா?"

"பாயா? அவருக்கு எப்பிடித் தெரியும்? அவரு கடை ஒங்க ஜன்னலுக்கு நேர் கீழயில்ல இருக்கு. ஒருக்கா வந்து பாருங்கன்னு கூப்புட்டேன். மாட்டேன்னுட்டாரு. 'படம் கையில வந்து பாக்குறதுதேன் சொகம், முன்னக்கூட்டிச் சொல்லி அதையும் கெடுத்துராதீக'ன்னாரு."

இந்தத் தெருவில் என் படத்தைப் படமாக முதலில் பார்த்த ஒரே மனிதர் அவர். மற்றவர்கள் எல்லாம் பார்த்த கூத்தைத்தான் வெள்ளிக்கிழமை திரும்பப் பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, அந்தத் தோள் இனிக் குலுங்காதோ என்ற பயம் அதிகமாக இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை ஜன்னலைச் சாத்திவிட்டு, அந்த வாரத்துக்கு என்னையே வரைந்தேன். ரீசைக்கிள் பின்னுக்குள் தலைகீழாக விழுந்து, கால் இரண்டும் வெளியே ஆட, எதையோ தேடிக்கொண்டிருக்கிற நான். எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்த ஒரே விதம் அதுதான். எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"வாங்க சார். ஏ3தானே?" என்றார் பாய்.

அவர் என்னை சார் என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. காகிதத்தை வாங்கினார். பார்க்கவில்லை. கண்ணை ஷட்டர் பக்கம் வைத்துக்கொண்டே கண்ணாடி மேல் கவிழ்த்தார். ஸ்கேன் முடிந்ததும் திரையை என் பக்கம் திருப்பினார்.

"சரியா விழுந்திருக்கான்னு நீங்களே பாத்துக்கங்க சார்."

"பாய், தப்பா நெனைச்சுட்டேன். மன்னிச்சிருங்க. படத்தப் பாருங்க பாய், ஒரு தடவை."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். நான் பாக்காம இருந்தா ஒங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி." பென்டிரைவைக் கையில் கொடுத்தார். நான் கேட்காமலே படத்தை அழித்தார், ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தார். குரலில் கோபம் துளியும் இல்லை. அடுத்து நின்ற ஆளின் ஆதார் அட்டையை வாங்கி, "முன்னும் பின்னுமா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் படம் போனது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் எல்லாம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதாக மனைவி போனில் சொன்னாள். கவுன்சிலர்கூட வாழ்த்து அனுப்பியிருந்தார். பாயும் சந்தாதாரர்தான். அவர் போனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாரோ, அல்லது இன்னும் திறக்கவே இல்லையோ என்று சந்தேகமாக இருந்தது. கதவைத் தாழ் போட்டுவிட்டு, அந்தத் தும்மல் வெடிக்கிறதா என்று அறைத் தரையில் காதை வைத்துப் படுத்தேன். கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.