பச்சைத் தண்ணீரில் ஒரு பல்செட்

என் அம்மாவைப் பல்லில்லாமல் பார்க்க உரிமை இருந்தது இரண்டே பேருக்கு. ஒருவர் திருவொற்றியூரில் இருக்கும் பல் டாக்டர், இன்னொருத்தி நான். அப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. அம்மாவின் பற்கள் போவதற்கு முன்பே அவர் போய்விட்டார். "நான் செத்தா மொத வேலையா செட்ட எடுத்து வாயில மாட்டிடு. பொக்க வாயோட எவளும் என்னப் பாக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்பாள் அம்மா. "செத்த அப்புறம் நீ இன்னாத்த கடிக்கப் போற, கம்முனு கெட" என்பேன் நான். வாய்க்கொழுப்பு. இன்றைக்கு அதை நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது. ஈறில் ரத்தம் வந்தபோதெல்லாம் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள், கிராம்பை வைத்து அடக்கினாள். பல்லைச் சுத்தம் பண்ணிக்கொள்ளலாம் வா என்று கூப்பிட்டால், "சொரண்டினா இருக்கிற பல்லும் ஆடிப் பூடும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னதையே திருப்பிச் சொல்வாள். சுரண்டாமலே எல்லாம் ஆடின. மேலே நாலும் கீழே ஆறும் மிஞ்சியபோதுதான் டாக்டரிடம் போனோம். சின்ன வயதுப் பெண். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொல்லிவிட்டு, மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு தடவைக்கு இரண்டு மூன்றாக எடுத்தார். ஈறு ஆற மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். மாதா கோயில் பூசைக்குக்கூடப் போகவில்லை.

பிறகு வாய் நிறைய மாவு போல ஒன்றை வைத்து அளவெடுத்து, மெழுகில் பல் நட்டுப் போட்டுப் பார்த்து, ஒருவழியாகச் செட்டு வந்தது. கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் அம்மா முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னா பாப்பா, என் கல்யாண போட்டோல கீற மூஞ்சிய எடுத்தாந்து குட்த்துட்ட" என்றாள் டாக்டரிடம். அந்த வாரமே எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நடக்கும் ஜெபமாலையை மறுபடியும் முன்னின்று சொல்ல ஆரம்பித்தாள். கணீர் என்ற குரல் அவளுக்கு. சங்கரா மீன் வறுவலைத் தின்ன மட்டும் ஒரு மாதம் பழக வேண்டியிருந்தது.

செட்டை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார். படுக்கும்போது கழற்றிவிட வேண்டும், பச்சைத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அதற்குமேல் சொன்னது என் காதில் விழவில்லை. நான் துறைமுகத்துக்குள் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு அனுமதிச் சீட்டு போட்டுக் கொடுக்கும் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். துறைமுக வாசலில் வண்டி நின்றுபோனால் டிரைவர்கள் என்னைத்தான் வறுத்தெடுப்பார்கள். போன் அடித்தது, எழுந்து வெளியே போய்விட்டேன்.

எங்கள் வீடு எண்ணூரில். காற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வரும். துவைத்த துணி, துடைத்த மேசை, மூடாத சோறு என்று எல்லாவற்றின் மேலும் மெல்லப் படியும். எனக்கோ சுத்தப் பைத்தியம். எதை எடுத்தாலும் வெந்நீரில் ஒரு அலசு அலசாமல் மனசு ஆறாது. என் இரண்டு பிள்ளைகளின் பால் புட்டிகளை அப்படித்தான் வேகவைத்து வளர்த்தேன். ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், அம்மா செட்டு போட்டு வைக்கும் கிண்ணத்து மூடி திறந்து கிடக்கிறது, தண்ணீர் மேல் சாம்பல் ஆடை கட்டியிருக்கிறது. சீ, கலீஜு! இதையா அவள் வாயில் போடப் போகிறாள்? தண்ணீரைக் கொட்டிவிட்டு, டீக்குக் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரை அப்படியே கிண்ணத்தில் ஊற்றினேன். பத்து நிமிடம் ஊறட்டும், கிருமியெல்லாம் செத்துப் போகட்டும் என்று விட்டேன். பிறகு எடுத்து உதறி அவள் கையில் கொடுத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தி வேறு எனக்கு.

அம்மா அதை வாயில் வைத்தாள். என்னை ஒரு முறை பார்த்தாள்.

அன்றிலிருந்து செட்டு வாயில் நிற்கவில்லை. மெல்லும்போது டக், டக் என்று தட்டும். ஈறில் ஒரு பக்கம் புண் வந்தது. ஜெபமாலை சொல்லும்போது மேல் செட்டு நழுவி விழப் பார்க்க, கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். அதன் பிறகு முன்னின்று சொல்லவே இல்லை. நான் என்ன செய்தேன்? திட்டினேன். "ஒயுங்கா மாட்டத் தெரியல உனக்கு. சும்மா நாக்கால நோண்டிகினே இருந்தா லூசாவாம இன்னா பண்ணும்?" என்றேன். சோற்றைக் குழைத்து வைக்கச் சொன்னாள், வைத்துக் கொடுத்தேன். அதையும் சலித்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

வெந்நீரில் போட்டால் பல்செட் வளைந்துவிடும் என்று ஆபீஸில் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். மறுநாளே அம்மாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் போன் அடித்தது. எனக்கு அது சாக்காகப் போயிற்று, வெளியே நழுவினேன். திரும்பி வந்தபோது டாக்டர், "ஈறு சுருங்கிடுச்சும்மா. சர்க்கரை இருக்கிறவங்களுக்கு அப்படி ஆகும். புதுசா செட்டு பண்ணிடலாம்" என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. மாதாவே, என் மேல் தப்பில்லை! வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டே குடித்தாள்.

புதுச் செட்டுக்கு அளவெடுத்தார்கள். மெழுகுப் பல்லும் வைத்துப் பார்த்தார்கள். இன்னும் நாலைந்து நாளில் வந்துவிடும் என்றிருந்தபோது, ஒரு மத்தியானம் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஆஸ்பத்திரி வாசல் வரைகூட உயிர் நிற்கவில்லை.

உடம்பைக் குளிப்பாட்டியதும் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். எனக்கு அவள் சொன்ன முதல் வேலை அதுதானே. பழைய செட்டைக் கழுவி எடுத்து வந்து உதட்டை விலக்கினேன். கீழ்ச் செட்டு எப்படியோ உட்கார்ந்தது. மேலது உட்காரவில்லை. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் தூக்கியது. திரும்பத் திரும்ப அழுத்தினேன். பல் வெளியே துருத்திக்கொண்டு, உதடு மூடாமல், வேறு யாரோ ஒருத்தி என்னைப் பார்த்து இளிப்பது போல இருந்தது. பயந்துபோய் இரண்டையும் பிடுங்கி எடுத்துவிட்டேன். "மன்னிச்சுடும்மா, மன்னிச்சுடும்மா" என்று மட்டும்தான் வாயில் வந்தது.

ஒரு வெள்ளைக் கைக்குட்டையை மடித்து அவள் வாயின் மேல் போட்டு, மேலே ஜெபமாலையை வைத்தேன். மூக்குக்குக் கீழே யாரும் பார்க்க முடியாது. சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே காவல் நாய் மாதிரி உட்கார்ந்திருந்தேன். காசிமேட்டிலிருந்து சித்தி, அம்மாவின் தங்கை, அலறிக்கொண்டு வந்தாள். "இன்னாடி இது, எங்கக்கா மூஞ்சிய மூடி வச்சுகினு கீற? மொகத்தப் பாக்க வாணாமா நானு?" என்று கைக்குட்டையை இழுத்துவிட்டாள். நான் கையைப் பிடிப்பதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஜெபமாலைக்கு வரும் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குனிந்து நெற்றியில் முத்தமிட்டுப் போனார்கள். "அக்காவா இது? ஆளே மாறிப் பூட்டாங்களே" என்றாள் ஒருத்தி. போட்டோகூட எடுத்தார்கள். அப்படியேதான் பெட்டியை மூடினார்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் டாக்டரிடமிருந்து போன். "அம்மா செட்டு ரெடி. கூட்டிட்டு வாங்க." தனியாகப் போனேன். எனக்குப் பின்னால் அம்மா வருகிறாளா என்று டாக்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கண் கலங்கியதும் எனக்கு அடக்க முடியவில்லை. "ஈறு சுருங்கல டாக்டர். நான்தான் வெந்நீர்ல போட்டேன்" என்று உடைந்துவிட்டேன்.

அவர் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தெரியும்மா. மேல் செட்டு வளைஞ்சிருந்ததப் பாத்ததுமே தெரிஞ்சுது" என்றார். "அம்மாவுக்கும் தெரியும். வாயில வச்சப்பவே சூடா இருந்துச்சாம். நீங்க போன் பேச வெளிய போனீங்கல்ல, அப்ப என் கையப் புடிச்சிகிட்டாங்க. 'அது வேலைக்கும் போய்கினு என்னையும் பாத்துகினு கீது, பாப்பா. தெரிஞ்சா மனசு ஒடஞ்சு பூடும். ஈறு சுருங்கிப் போச்சுன்னு சொல்லிடு'ன்னாங்க."

செட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

ஒன்றரை வருடம் ஆகிறது. சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலியில் டக், டக் என்று கேட்கிறது. முதல் தடவை நான் தட்டோடு எழுந்து ஓடினேன். இப்போது ஓடுவதில்லை, சோற்றை இன்னும் கொஞ்சம் குழைத்து வைக்கிறேன், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லையாம். கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றப் போனால் அவள் பேர் எழுதிய கல்லைப் பார்க்கிறேன். உள்ளே அவள் முந்தானையைத் தேடிக்கொண்டிருப்பாள் என்றே தோன்றுகிறது. சித்தி, "அந்தப் புதுச் செட்ட வச்சுகினு இன்னா பண்ணப் போற? கடல்ல போட்டுடு" என்கிறாள். கடலில் போட முடியுமா? அம்மா வாய்க்கென்று அளவெடுத்துச் செய்தது, அவள் ஒரு நாள்கூடப் போட்டுப் பார்க்காதது.

கிண்ணத்தில்தான் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் மூடியைத் திறந்து, பழைய தண்ணீரைக் கொட்டி, மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, குழாயிலிருந்து புதுசாகப் பிடிக்கிறேன். ஊற்றுவதற்கு முன்னால் விரலை முக்கிப் பார்க்கிறேன். அவளுக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொல்கிறேன்: "பச்சத் தண்ணி தாம்மா."