தறி ரூமில் ஓடிய பஸ்

ஆரணியிலிருந்து களம்பூர் போகும் தனியார் பஸ்ஸில் ஜெயச்சந்திரன் கண்டக்டர். அதற்கு முன்னால் பஜாரில் கம்ப்யூட்டர் கேம் சென்டர் வைத்திருந்தான். ஊரில் ஆளுக்கொரு போன் வந்ததும் சென்டர் படுத்துவிட்டது. மற்ற மெஷின்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டவன், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை மட்டும் சேவூர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். "இது நம்ம வூட்டுப் புள்ள" என்றான்.

அந்தப் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது? கீழ்வீட்டில் இருந்த பெரிய ரூமில் பாதியை அவன் மனைவி கலைமகளின் பட்டுத் தறி எடுத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் எதிர்ச்சுவர் ஓரமாக மேஜை போட்டுக் கம்ப்யூட்டரை வைத்தான். அவள் நாலு நாள் முணுமுணுத்தாள். பிறகு பழகிவிட்டது.

பகலெல்லாம் பஸ்ஸில் நிற்கிற மனுஷன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்ன கேம் ஆடுவான்? பஸ் ஓட்டுவான். சிரிக்காதீர்கள். கண் டெஸ்டில் சிவப்பையும் பச்சையையும் மாற்றிச் சொன்னதால் ஹெவி லைசென்ஸ் கிடைக்காமல் போனவன் அவன். இத்தனை வருஷமாக யாரோ ஓட்ட, இவன் விசில் ஊதுகிறான். வீட்டில் மட்டும்தான் ஸ்டியரிங் அவன் கையில். நிஜ ஸ்டியரிங் மாதிரியே ஒன்று வாங்கி மேஜையில் பூட்டியிருந்தான்.

கேமில் ஒரு குறை, கண்டக்டர் கிடையாது. அந்த வேலையைத் தறியில் உட்கார்ந்தபடியே கலைமகள் பார்த்தாள். "ரைட்" என்பாள். பஸ் கிளம்பும். "ஹோல்டான், ஆயா ஒண்ணு எறங்குது" என்பாள். நிற்கும். நடுவில் பால்காரன் கணக்கு, மாமியார் முழங்கால், வேலூர் ஹாஸ்டலில் இருக்கும் மகள் நிலா போன் செய்யாதது, எல்லாம் பேசி முடித்துவிடுவார்கள். மகள் ஹாஸ்டலுக்குப் போனபிறகு அந்த நேரம்தான் கலைமகளுக்குப் பிடித்த நேரம். அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வான் என்று அவளுக்குத் தெரியும்.

வயதானால் பிள்ளைக்கும் மூச்சு வாங்கும் போலிருக்கிறது. கேமில் மலைப்பாதை ஒன்று. அதில் மழை பிடித்தால் போதும், வளைவில் பாதி திரும்பிய பஸ் அப்படியே அந்தரத்தில் நின்றுவிடும். மழைத்துளியும் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பஸ் பள்ளத்தில் கிடக்கும்.

"எல்லாரும் பூட்டாங்களா?" என்று தறியிலிருந்து கேட்பாள்.

"நக்கல் பண்ணாத. படம் காட்டுற கார்டு பழசாயிடுச்சு. மாத்தணும்."

அன்றைக்குப் பிடித்தது சனி. மாற்ற வேண்டியது கார்டா, ரேமா, டிஸ்க்கா? தீபாவளி போனஸ் முழுசாக இருக்கிறது, ஆனால் மூன்றுக்கும் எட்டாது. ஜெயச்சந்திரனுக்குச் சட்டென்று முடிவெடுக்கிற வழக்கம் இல்லை. செருப்பு வாங்கவே மூன்று கடை ஏறி இறங்குகிறவன். இதற்குப் பஸ்ஸையே கூட்டிப் பஞ்சாயத்து வைத்தான். காலேஜ் பையன்கள் கார்டு என்றார்கள். பேங்கில் வேலை பார்க்கும் புஷ்பலதா மேடம் டிஸ்க்கை மாற்றினால் ஜல்தியாக ஆன் ஆகும் என்றார். களம்பூர் ரைஸ் மில் சடையப்பன், "எதுக்குப்பா பேஜாரு, பழைய டிவிஎஸ் ஒண்ணு கீது, அத்த எடுத்துக்கினு போயி ஓட்டு" என்றார். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அவன் ஒப்பிப்பான். கலைமகளுக்குக் காது புளித்துப்போனது.

கடைசியில் பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கிளமெண்ட் வந்து கேபினெட்டைத் திறந்தான். உள்ளே பட்டுப் பிசிறு அடை அடையாக ஒட்டியிருந்தது. அதை ஊதித் தள்ளிவிட்டுச் சொன்னான்.

"கார்டுதாண்ணே மாத்தணும். ஒரு நல்ல பெரிய கார்டா போட்டா மழை இன்னா, புயலே அடிச்சாலும் பஸ்ஸு நிக்காது. ஆனா அது அடுப்பு மாதிரி சூடு கக்கும். அண்ணி தறிக்குப் பக்கத்துல வெக்க முடியாது."

அது நிஜம்தான். பட்டுக்கு ஈரப்பதம் வேண்டும். அனல் காற்று பட்டால் பாவு நூல் முறுகிப் பட்பட்டென்று அறுந்துவிடும். ஒருமுறை ஜெயச்சந்திரன் டேபிள் ஃபேனைத் தறிப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அறுந்த நூலையெல்லாம் அவள் முடிந்து முடிக்கும்வரை வீட்டில் சோறு கிடைக்காமல் திண்டாடியிருக்கிறான். அதனால் கிளமெண்டை எதிர்த்துப் பேசவில்லை.

"மேல ஒரு ரூம் சும்மாதான கீது" என்றான்.

மறுநாளே மாடி ரூமைப் பெருக்க ஆரம்பித்தான். பழைய கட்டிலை இழுத்து ஓரம் போட்டான், ஒட்டடை அடித்தான், பாட்டு வேறு. கீழே தறியில் இருந்தவளுக்கு அந்தத் துடைப்பச் சத்தம் பற்றிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டர் மாடிக்குப் போனால் மனுஷனும் மாடிக்குப் போய்விடுவான். கீழே அவளும் தறி நாடாவும் மட்டும் தடக் தடக்கென்று மாரடித்துக்கொண்டிருக்க வேண்டும். போகாதே என்று வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு வெட்கம். கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா அது?

யோசித்தாள். சூடுதானே பிரச்சினை? சூட்டுக்கு வழி அவளுக்குத் தெரியாததா? கத்திரி வெயிலில் தறிக்கு என்ன செய்வாளோ அதையே செய்தாள். சாக்கை நனைத்துப் பிழிந்து, ஒன்றை ஜன்னலில் தொங்கவிட்டாள். இன்னொன்றை, பிள்ளையும் பாவம் வேகிறதே என்று, கேபினெட் தலைமேல் போர்த்திவிட்டாள். மத்தியானம் இரண்டு தடவை தண்ணீரும் தெளித்தாள். தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருந்தது. அவன் வரும் நேரத்துக்குச் சாக்கை எடுத்துவிட்டு நன்றாகத் துடைத்து வைத்தாள். இன்றைக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு, 'சூடே இல்லையே, பெரிய கார்டு போட்டாலும் இங்கேயே இருக்கட்டும்' என்று அவன் வாயாலேயே வரும் என்று கணக்குப் போட்டாள்.

ஜெயச்சந்திரன் வந்தான், காபி குடித்தான், சுவிட்சைப் போட்டான். 'பட்' என்று ஒரு சத்தம். பின்பக்கமிருந்து புகை வந்தது. கரண்ட் போனது. ரூமே கருகல் நாற்றம் அடித்தது.

கலைமகள் மறைக்கவில்லை. தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து நின்றாள்.

"நான்தான் மாமா. ஈரச் சாக்கு போத்தினேன்."

"கம்ப்யூட்டருக்கா?"

"ஆமா. தண்ணியும் தெளிச்சேன்."

அவன் அவளைப் பார்த்தான், கேபினெட்டைப் பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"அறிவு கீதா உனக்கு? எதுக்குடி இப்டி செஞ்ச?"

"சூடு கொறஞ்சா நீ மேல போமாட்டன்னு செஞ்சேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "நீ பாட்டுக்கு மேல பூடுவ. எனக்கு இங்க யாரு கீறா?"

அவன் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டான். அன்று சாயங்காலம் ரூமில் பஸ்ஸும் ஓடவில்லை, தறியும் ஓடவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, கேபினெட்டை வண்டியில் வைத்து, அது விழாமல் பிடித்துக்கொள்ளக் கலைமகளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளமெண்ட் கடைக்குப் போனான். கிளமெண்ட் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"பவர் சப்ளை, போர்டு, பழைய கார்டு எல்லாம் அவுட்டு. டிஸ்க்கு மட்டும் பொழைச்சுக்கிச்சு. எப்டிண்ணே தண்ணி போச்சு?"

"வூடு கழுவுனோம்" என்றான் ஜெயச்சந்திரன். கலைமகள் தரையைப் பார்த்தாள்.

"வுடுங்க, ஒரு வகையில நல்லதுதான். போர்டு வேற மாத்தணும்ன்றதால காசு கொஞ்சம் முன்ன பின்ன ஆவும், பாக்கிய மாசாமாசம் குடுங்க. பெரிய கார்டா போட்டு மாடியில வெச்சிரலாம்."

ஜெயச்சந்திரன் தாடையைச் சொறிந்தான். இங்கேயும் பஞ்சாயத்து வைப்பான் போல, நாம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று கலைமகள் எழப்போனாள்.

"எல்லாத்திலயும் சூடு கம்மியானது எது?" என்று கேட்டான்.

கிளமெண்ட் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "கேமிங் மெஷினுக்கு வந்து சூடு கம்மியான்னு கேக்குற மொத ஆளு நீங்கதாண்ணே. கார்டே இல்லாம, போர்டும் பிராசசரும் மட்டும் போட்டா சூடே இருக்காது. படமும் அதுவே காட்டும். ஆனா கேம்ல மழைய ஆஃப் பண்ணணும், மரத்தயும் எடுக்கணும். மலை மொட்டையாத்தான் தெரியும்."

"தெரியட்டும். தறி பக்கத்துல வெக்கலாம் இல்ல?"

"தாராளமா வெக்கலாம். அப்ப அவ்ளோ ஆசையா பேசிகினு இருந்த கார்டு?"

"மேல போயி ஒண்டியா ஓட்டுறதுக்கா?" என்றான் ஜெயச்சந்திரன். அவளைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இவ 'ரைட்' சொல்லாம எனக்கு வண்டி எடுக்க வராதுப்பா."

கலைமகளுக்குக் கடை என்றும் பார்க்காமல் அழுகை வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதாவது பேசியாக வேண்டுமே என்று கிளமெண்ட் பக்கம் திரும்பினாள்.

"ஏம்பா, வேற எதுவும் போட வழி இல்லியா? சூடு ஆவாத மாதிரி?"

"ரேம் ஒண்ணுக்கு ரெண்டா போட்டா கொஞ்சம் நல்லா ஓடும் அண்ணி. அங்கங்க மரம் தெரியும். ஆனா அண்ணன் கேக்கலியே."

"அவுரு கெடக்கறாரு. நீ ரெண்டாவே போடு" என்றாள் கலைமகள். "நாங்க போற வழியில ரெண்டு மரமாச்சும் இருக்கட்டும்."