காயம்பட்டதைத் தேடும் நாய்

ஜெர்மனிக்கு வந்த முதல் வாரம், நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் கெல்லரோடு வயலோரம் நடந்துகொண்டிருந்தேன். அவருடைய பழுப்புநிற நாய் அஸ்டா திடீரென்று ஒரு முன்காலைத் தூக்கியபடி சிலையாக நின்றுவிட்டது. முள் குத்தியிருக்கும் என்று குனிந்து காலைப் பிடித்தேன். புதரிலிருந்து ஒரு காட்டுக்கோழி படபடவென்று பறந்தது. "நைன்!" என்று கத்தினார் கெல்லர். 'கூடாது' என்று அர்த்தம். என் காதில் நைனா என்று விழுந்தது; ஊரில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். இரையைக் கண்டால் அந்த நாய் அப்படித்தான் நின்று காட்டுமாம்.

அந்த இனத்துக்கு டாய்ச் குர்ட்ஸ்ஹார் என்று பெயர். குட்டை மயிர் ஜெர்மன் நாய். பிரபுக்கள் அந்தக் காலத்தில் வேலைக்கொரு நாய் வைத்திருந்தார்கள். சாதாரணக் குடியானவனுக்கும் வேட்டை உரிமை வந்தபோது எல்லாவற்றுக்கும் ஒரே நாய் வேண்டியிருந்தது. ஸ்பெயினிலிருந்து வந்த கனத்த வேட்டைநாயோடு மோப்பநாயைச் சேர்த்தார்கள். பிறகு வேகத்துக்காக இங்கிலாந்தின் பாயின்டர் நாயையும் கலந்தார்கள். அஸ்டா நீந்திப்போய் வாத்தைப் பல் படாமல் கொண்டுவரும். அடிபட்ட மானின் தடத்தை மறுநாளும் பிடிக்கும்.

போன ஆடியில் செஞ்சியிலிருந்து தங்கை மல்லிகா போன் செய்தாள். "ண்ணா, டீ குடிக்கப் போன நைனா இன்னும் வரலண்ணா. மலையோரமா நடந்து போனார்னு சொல்றாங்க." நைனாவுக்கு மறதி நோய். ராஜகிரிக் கோட்டை மலையின் அடிவாரத்துப் புதர்கள், சுனைகள், மண்டகப்பட்டு சாலை என்று எல்லா இடத்திலும் தேடினார்கள். என் விசா புதுப்பிப்பில் இருந்தது. போனால் திரும்ப முடியாது. நான் போகவில்லை.

நாற்பதாம் நாள், அரைகுறை ஜெர்மனில் கெல்லரிடம் கேட்டேன். "அப்பாவைக் காணவில்லை. அஸ்டா கண்டுபிடிக்குமா?"

அவர் உடனே பூட்ஸை மாட்டத் தொடங்கினார். "எந்தக் காட்டுப் பக்கம்? அவர் போட்ட துணி இருக்கிறதா?"

"இந்தியாவில்," என்றேன்.

ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனாலும் அன்றே மல்லிகாவை அழைத்தேன். "நைனா சட்டை எதுனா தொவைக்காம இருக்குதா?"

"எல்லாத்தையும் தொவச்சி இஸ்திரி போட்டு வெச்சிட்டேன். வந்தார்னா மாத்திக்கணும்ல? எதுக்குண்ணா?"

"சும்மாதான்," என்றேன்.

இப்போது விசா வந்துவிட்டது. நைனா இன்னும் கிடைக்கவில்லை. இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. போன வாரம் இங்கே ரயில் நிலையத்தில் ஒரு முதியவர் வழி தெரியாமல் நின்றார். கையைப் பிடித்து விசாரித்து விசாரித்து வீட்டில் கொண்டுபோய் விட்டேன். கதவைத் திறந்த மகள் அழுதுகொண்டே "டாங்கே, டாங்கே" என்று நன்றி சொன்னாள்.