மருந்துக் கிடங்குச் சண்டையும் நாரணாபுரம் கொட்டகையும்

சண்டைப் படம் என்றால் எனக்கு உயிர். ஆனால் இரண்டாவது முறை பார்க்கும்போது திரையைப் பார்க்க மாட்டேன், ஜனங்களைப் பார்ப்பேன். "பக்கத்திலிருப்பவன் வாயைப் பார்க்கவா காசு கொடுத்து வந்தீர்கள்?" என்று என் மனைவி கேட்பாள். ஆமாம், அதற்குத்தான். திருச்சியில் ஜவுளிக் கடையில் துணி கிழித்துப் போடும் எனக்கு வருஷத்தில் ஒரு வாரம் விடுமுறை. இந்தச் சித்திரையில் அதைச் சிவகாசிக்குச் செலவழித்தேன். அக்கினி வெயிலில் கந்தகக் காட்டுக்கு யாராவது போவார்களா என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

காரணம் ஒரு சண்டை. படத்தின் பெயர் வேண்டாம், பார்த்தவர்களுக்குச் சொன்னாலே புரியும். ராஜகுமாரன் எதிரியின் வெடிமருந்துக் கிடங்கில் புகுந்து, முதலில் கத்தி, கத்தி பறிபோனதும் கம்பு என்று எட்டுப் பேரைத் துவைத்து எடுப்பார். முழங்கால் வரை பூட்ஸோடு உள்ளே நுழைகிறவர், தூரத்திலிருந்து காட்டும்போது வெறுங்காலோடு கம்பு சுற்றுவார். கிட்டத்தில் முகத்தைக் காட்டினால் மறுபடி பூட்ஸ்! தூரத்தில் சுற்றுவது டூப் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் இப்படியா கோட்டை விடுவது? திருச்சியில் இந்த இடத்தில் விசில் பாதியில் நின்று சிரிப்பானது. மதுரையில் ஒருவர் எழுந்து, "பூட்ஸை அடகுல வச்சுட்டு வந்துட்டாருடோய்!" என்று கத்தினார். அப்புறம் வசனம் ஒன்றும் காதில் விழவில்லை.

மதுரையில் என்னோடு படம் பார்த்த நண்பர் ஜேக்கப், விருதுநகரில் பள்ளி ஆசிரியர். "எங்க பக்கத்து ஆளுக மருந்துலயே பொழைக்கிறவுக. கிடங்குக்குள்ள சண்டைன்னா அவுக என்ன செய்வாகன்னு பாக்க வேண்டாமா?" என்று தூண்டிவிட்டார். வெறும் வாயை மெல்லுகிற எனக்கு அவல் கிடைத்தது. படம் அப்போது சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்து டூரிங் கொட்டகைக்கு வந்திருந்தது.

விருதுநகரில் ஜேக்கப் வீட்டில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ் பிடித்தோம். சிவகாசிக்குப் பதினாறு மைல், கட்டணம் அறுபது நயா பைசா, ஒரு மணி நேரப் பயணம். வழியெல்லாம் கரிசல் வெடித்துக் கிடந்தது. ஜன்னலோரம் உட்காராதீர்கள், அனல் கன்னத்தில் அறையும். சிவகாசியில் இறங்கி ஒரு ஜட்கா பேசினோம். வண்டிக்காரர் பெயர் கருப்பையா.

"சினிமாவுக்கா போறீக? என் தங்கச்சியும் அங்கனதான் இருக்கா. மூணு நாளா அதே படம், ஒரு நாள் விடாம" என்றார்.

"சண்டை அவ்வளவு பிடித்துவிட்டதா?" என்று கேட்டேன்.

அவர் குதிரையைப் பார்த்தபடியே சொன்னார். தங்கை சொர்ணம் வெடிக் கம்பெனியில் திரி வைக்கிற வேலை செய்கிறாள். அவள் கணவர் வேலுச்சாமி மருந்து ரூமில் இருந்தவர், நல்ல கம்புக்காரர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தீபாவளி சீசன் முடிந்த மறுவாரம் பட்டணத்துக்குப் போனவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. இந்தப் படத்துச் சண்டையில் அவர் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். "செத்தாரா இருக்காரான்னு தெரியாம தவிக்கா. அடி வாங்குற ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் பாக்கா. ஒண்ணும் அவரு இல்ல."

எனக்கு என்னமோ போலிருந்தது. நான் வேடிக்கை பார்க்கப் போகிற இடத்தில் ஒருத்தி உயிரைத் தேடிக்கொண்டிருக்கிறாள். கருப்பையாவுக்கும் சேர்த்துப் பெஞ்சு டிக்கெட் எடுத்தேன்.

வெடி ஊர்க் கொட்டகையில் வெடி காதைப் பிளக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு ஊசிப் பட்டாசு கூட இல்லை. "பொழுதன்னைக்கும் அதுலயே கெடக்கோம், இங்கனயுமா?" என்றார் கருப்பையா. அதற்குப் பதிலாக ஆளுக்கொரு பை நிறைய, அச்சாபீசில் லேபிள் வெட்டியபோது கழிந்த காகிதத் துண்டுகள். ராஜகுமாரன் முகம் தெரிந்ததும் சிவப்பும் ஊதாவும் மஞ்சளுமாக அள்ளி வீசினார்கள். என் சேவுப் பொட்டலத்திலும் பாதி காகிதம்தான்.

கிடங்குச் சண்டை வந்தது. நான் கழுத்தைத் திருப்பிக்கொண்டேன். எதிரி ஒருவன் தீப்பந்தத்தோடு நுழைந்ததும், "ஆத்தீ! அத வெளிய போடுலே!" என்று தரை டிக்கெட் மொத்தமும் அலறியது. பந்தம் பீப்பாய் ஓரம் விழுந்தபோது பெண்கள் பக்கம் நாலைந்து பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டார்கள். வேறு எந்த ஊரிலும் இப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. ஆனால் பூட்ஸ் மறைந்தபோது? ஒரு சிரிப்புக் கூட இல்லை. கம்பு வீச்சுக்கு மட்டும் "அப்படிப் போடு!" என்றார்கள்.

ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள். சோடாக்கடை அருகே கருப்பையா தங்கையைக் கூட்டிவந்தார். இடுப்பில் ஒரு பிள்ளை, அழுது ஓய்ந்த கண்கள். "இன்னைக்கும் இல்லண்ணே" என்றாள். நான் மனதில் இருந்த கேள்வியைக் கேட்டுவைத்தேன்.

"ராஜகுமாரன் காலில் திடீரென்று பூட்ஸ் இல்லையே, இங்கே ஏன் யாரும் சிரிக்கவில்லை?"

கருப்பையா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இதுல சிரிக்க என்ன இருக்கு அண்ணாச்சி? மருந்து ரூமுக்குள்ள செருப்போட போவாகளா? ஆணி தரையில உரசி ஒரு பொறி பறந்தாப் போதும், அம்புட்டுப் பேரும் சாம்பல். வாசல்ல கழட்டிட்டுத்தான் போகணும்."

"அது அட்டைப் பீப்பாய். உள்ளே மருந்து ஏது? சென்னையில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?" என்றேன்.

சொர்ணம் சட்டென்று நிமிர்ந்தாள். "மெட்ராசுக்காரன் கழட்ட மாட்டானா?"

"மாட்டான். கழற்றினால் படம் கெட்டுப்போகும். மற்ற ஊர்களில் கைகொட்டிச் சிரிக்கிறார்கள்."

அவள் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருதாண்ணே. நான் அடி வாங்குறவுகளயே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். ராஜகுமாரனுக்குப் பதிலா அடிக்கிறதே அவருதான்" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஜேக்கப் சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுநாள் படத்துக்குக் கடைசி நாள். கிளம்ப மனமில்லாமல் ஜேக்கப்பையும் இழுத்துக்கொண்டு மறுபடி போனேன். செய்தி எல்லாக் கம்பெனிக்கும் போயிருந்தது. தரையில் உட்கார இடமில்லை. ராஜகுமாரன் முகத்துக்கு ஒருவரும் பையைத் திறக்கவில்லை. கிடங்கில் அந்த வெறுங்கால் தெரிந்ததோ இல்லையோ, கொட்டகையே எழுந்து நின்று அத்தனை காகிதத்தையும் கொட்டியது. நடுவில் ஹீரோ முகம் பெரிதாக வந்தபோது, "நீரு செத்த தள்ளும்யா, எங்க ஆளக் காட்டட்டும்!" என்று ஒரு குரல். நான் பார்த்த கொட்டகைகளில் டூப்புக்கு இப்படி ஒரு மரியாதை நடந்ததே இல்லை. எனக்குக் கைதட்டக் கூடத் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன்.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் போகாதீர்கள், அப்போது யாருக்கும் உங்களோடு பேச நேரமிருக்காது. சித்திரை, வைகாசி நல்லது, வெயிலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஜட்காவுக்கு முன்கூட்டியே பேசிவிடுங்கள். கொட்டகையில் தரை நாலணா, பெஞ்சு எட்டணா. தரையில் உட்காருங்கள், பேச்சு அங்கேதான் நடக்கிறது. பீடி, சிகரெட்டை மறந்துவிடுங்கள், அடிக்க வருவார்கள்.

புறப்படும்போது சொர்ணத்திடம், யாரையாவது விட்டு விசாரிக்கட்டுமா என்று கேட்டேன். "திரும்பி வாங்கன்னு கெஞ்ச வேண்டாம் அண்ணாச்சி. வரணும்னா வழி தெரியும்" என்றாள். பிறகு, அப்பனை இதுவரை பார்த்திராத அந்தப் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டாள். அது ஜட்காவின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி வந்தது. அதைக் காட்டி ஒரு வாக்கியம் சொல்லியனுப்பினாள்.

எனக்குச் சென்னையில் யாரையும் தெரியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். ஸ்டூடியோப் பக்கம் போகிற வாசகர்கள், சண்டைக்காரர்கள் கூடுகிற இடத்தில் நாரணாபுரம் வேலுச்சாமி யார் என்று கேளுங்கள். வேறொன்றும் பேச வேண்டாம். "உம்ம மகன் நடக்கான்" என்று மட்டும் சொல்லுங்கள்.