எண்பத்துநாலாம் ஆண்டுக் கசெற்

ஞாயிறு மத்தியானம் ரேடியோவில் எண்பத்துநாலாம் ஆண்டுப் பாட்டுகளாகவே போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியில், எசன் நகரத்து நாலாம் மாடி வீட்டில், உடுப்புகளுக்கு அயன் பிடித்தபடி றோசம்மா ஒவ்வொன்றையும் கூடவே முணுமுணுத்தாள். ராக், நியூ வேவ் என்று அந்தக் காலத்து மேல்நாட்டு இசையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளோடு வேலை செய்கிற ஜெர்மன்காரிகளுக்கு இது தீராத அதிசயம். அந்த ஆண்டு அவள் யாழ்ப்பாணத்தில் அல்லவா இருந்தாள்.

எல்லாம் ஒரு கசெற்றால் வந்தது. அப்போதெல்லாம் வெளிநாட்டுக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி அனுப்புவார்கள். அவளுக்குக் கலியாணம் பேசி முற்றாக்கிய கையோடு ஜெர்மனிக்கு அகதியாகப் போன ஆனந்தராசாவும் ஒன்று அனுப்பினார். வீடே கூடியிருந்து போட்டுக் கேட்டால், மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. இரண்டு பக்கமும் ரேடியோவிலிருந்து பதிந்த பாட்டுகள். இயந்திரம் தட்டுவது போல டிரம், தூரத்தில் யாரோ தனக்குத்தானே பாடுவது போல ஒரு குரல். மாப்பிள்ளைக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள் பெரியவர்கள். றோசம்மாவோ கிறங்கிப் போனாள். சொல்ல வெட்கப்பட்ட மனுசன் பாட்டாக அனுப்பியிருக்கிறார், இதைவிட ஒருத்திக்கு என்ன வேண்டும்?

அதை நம்பி எட்டு வருசம் காத்திருந்தாள். வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்தாள். சண்டையில் கரண்ட் போனபிறகு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் அந்தக் கசெற்றைக் கேட்டாள். கை தளர்ந்தால் பாடகனுக்கு நித்திரை வரும், வேகம் கூடினால் பேய் பிடிக்கும். ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் கண்ணை மூடினால் பனி கொட்டும் தெருவில் அவரோடு நடந்துகொண்டிருப்பாள்.

இப்போதும் கண்ணை மூடித்தான் நின்றாள். பக்கத்தில் சோபாவில் இருந்த ஆனந்தராசாவிடம், இத்தனை காலம் கேட்காததைக் கேட்டாள். இந்தப் பாட்டுகளை எனக்கென்று எப்படித் தெரிந்தெடுத்தீர்கள்?

மனுசன் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பென்சன் எடுத்த பிறகு அவருக்கு உண்மை பேசும் வியாதி. அது அறையில் கூட இருந்தவனுடைய கசெற் என்றும், அவசரத்தில் மாறி உறைக்குள் போய்விட்டது என்றும் சொன்னார். றோசம்மா அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்ப உங்கடை கசெற்றிலை என்ன இருந்தது?"

"இஞ்சை இருக்க விசா கிடைக்குமோ தெரியாது, எனக்காகக் காத்துக்கொண்டு இருக்க வேண்டாம், வேறை ஆரையும் கட்டுங்கோ எண்டு சொன்னனான்."

முதலில் கோபம் வந்தது, பிறகு அழுகை. எட்டு வருசமும் தான் மட்டும் தனியே கனவு கண்டிருக்கிறாள் என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பிழை தெரிந்த பிறகாவது அதை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டாள்.

ஆனந்தராசா ரேடியோவைக் குறைத்தார்.

"அதுக்குள்ளை நீர் பதில் கசெற் அனுப்பிப்போட்டீர். அதிலை அந்தப் பாட்டுகளிலை ஒண்டைப் பாடியிருந்தீர். சொல்லு ஒண்டும் சரியில்லை. நீர் வந்து சேருமட்டும் நான் ஒவ்வொரு நாளும் அதைத்தான் கேட்டனான்."

றோசம்மா அயன் பெட்டியை நிற்பாட்டிவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.