டிரைவர் கைக்குப் போன காபி

ஆவணி இரண்டாம் வெள்ளிக்கிழமை, தையல்நாயகியைப் பெண் பார்க்க அனந்தபுரம் வந்தவர்கள் கேசரியைக்கூடத் தொடாமல் வேனில் ஏறித் திண்டிவனத்துக்குத் திரும்பிப் போனார்கள். தப்பு அம்மாவுடையது. அந்த ஒரு மணி நேரத்துக்கு வேண்டாமென்று மகளின் கண்ணாடியைக் கழற்றி ஒளித்துவைத்துவிட்டாள். மைனஸ் ஆறு பவர். கூடத்தில் தையல்நாயகிக்கு வெள்ளைச் சட்டைகள்தான் தெரிந்தன. மாப்பிள்ளைக்கு நீட்டவேண்டிய காபியை அவள் வேன் டிரைவர் கையில் கொடுத்துவிட்டாள்.

மாப்பிள்ளை கோபி செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னது அவள் காதில் நன்றாக விழுந்தது. "குருட்டுப் பொண்ண கட்டிக்கினு இன்னா பண்றது? ஆயுசுக்கும் கை புடிச்சிக்கினே திரியணுமா?"

அவள் அழவில்லை. கண் பரிசோதனைப் படிப்பு முடித்து, விழுப்புரத்தில் ஒரு கண் மருத்துவமனையில் சேர்ந்தாள். தினமும் பஸ்ஸில் அந்தப் பேச்சை ஒருமுறை மனசுக்குள் சொல்லிக்கொள்வாள், மறந்துவிடக் கூடாதென்று.

ஆறாம் வருஷம் கோபியே வந்தான், பவரைப் போக்க லேசர் செய்துகொள்ள. சீட்டில் திண்டிவனம் கோபி என்றிருந்தது; குரலும் அதே குரல். அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. கண்ணாடி போட்டு அவளை அவன் பார்த்ததே இல்லையே. மெஷின் அவன் பவரைக் காட்டியது: மைனஸ் ஐந்தரை.

"எத்தினி வருஷமா?"

"பத்தாவதுலர்ந்து மேடம். லென்ஸ் போட்டுக்குவேன், யாருக்கும் தெரியாது."

அப்படியானால் அன்றைக்கும் லென்ஸ்தான். அவளுக்குக் காது சுட்டது.

"லென்ஸ கழட்டி ரெண்டு வாரம் ஆச்சா? இல்லன்னா கருவிழி வடிவம் மாறியிருக்கும், அளவு தப்பா வரும்."

"ஆச்சு மேடம். ஜல்தியா முடிங்க, அடுத்த வெள்ளி பொண்ணு பாக்கப் போறோம்."

முகவாயைக் கருவிழி அளக்கும் மெஷினில் வைக்கக் குனிந்தான். சட்டைப் பையிலிருந்து லென்ஸ் டப்பா விழுந்து திறந்துகொண்டது. ஈரமாக இருந்தன இரண்டும்.

"காலைலதான் கழட்டுனேன் மேடம்... கொஞ்சம் பாத்து எழுதிக்கங்க."

அவன் சொன்னபடியே எழுதிவிடலாம். தப்பு அளவில் லேசர் பாய்ந்தால் அவன் பார்வை கெட்டுப்போகும். பேனா கட்டத்தின் மேல் நின்றது. பிறகு, உள்ளதை உள்ளபடி எழுதுவதே அதைவிட இனிக்கும் என்று தோன்றியது.

"இன்னைலர்ந்து ரெண்டு வாரம் கண்ணாடிதான். நடுவுல ஒரு நாள் லென்ஸ் போட்டாலும் மறுபடி முதல்லர்ந்து. அப்புறம் வாங்க, கருவிழி கனம் பாக்கணும், சொட்டு மருந்து விட்டு விழித்திரை பாக்கணும்."

"பொண்ணு வூட்டுக்குக் கண்ணாடியோடவா? பேஜாரு மேடம்!"

"போட்டுக்கினு போங்க. காபி உங்க கைக்கு வருதா, டிரைவர் கைக்குப் போவுதான்னு நல்லாத் தெரியும்."

அவன் விழித்தான். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அவன் திரும்பி வரவில்லை. ஏழு மாதம் கழித்து, நினைவூட்டல் அனுப்புகிற மருத்துவமனைப் போனுக்கு ஒரு பதில் வந்தது.

"மேடம், காபி என் கைக்குதான் வந்துச்சு. சோடாபுட்டி மாப்ள வேணாம்னு பொண்ணு சொல்லிட்டா. அனந்தபுரத்துல டிரைவருக்கு காபி குடுத்தது நீங்கதானே?"