ஏரிக்குள் ஒரு ஐபி முகவரி

நடந்தது இதுதான், வரிசைப்படி:

1. முகப்பேரில் எங்கள் குடியிருப்புக்குக் கோடையில் வாரம் இரண்டு நாள் தண்ணீர் லாரி வரும். முந்தைய நாள் மாலையே கீழே குடத்தை வரிசையில் வைத்துவிட வேண்டும். செயலாளர் குடங்களைப் பார்த்து நோட்டில் கதவு எண்களை எழுதிக்கொள்வார்.
2. மூன்றாம் மாடி ஆன்ட்டி படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு, தங்கை வீட்டில் போய்ப் படுத்தார். அவர் கணவர் ஆவடியில் வேலை முடிந்து வருவதற்குள் வரிசை முடிந்துவிடும். வீட்டில் தண்ணீர் இல்லை.
3. நான் நெட்வொர்க் வேலை பார்ப்பவள். ஆன்ட்டி இருந்த இடத்திலிருந்தே வரிசை பிடிக்கட்டும் என்று ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்தேன். மாலை ஏழு மணிக்குத் திறக்கும். கதவு எண்ணைப் போட்டால் வரிசை எண் வரும்.
4. மூன்றாவது வாரம், பக்கம் திறந்த சில நிமிடங்களில் பதினேழு வீடுகள் பதிவாகியிருந்தன. பதினேழும் ஒரே ஐபி முகவரியிலிருந்து, அதாவது இணையத்தில் ஒரே வாசலிலிருந்து.
5. பதினேழு வீட்டிலும் கேட்டேன். பதினேழு பேரும் "நான் போடலியே" என்றார்கள்.
6. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் ஆளைக் காட்டாவிட்டால் பக்கம் மூடப்படும், பழையபடி குடமும் நோட்டும்தான் என்று செயலாளர் அறிவித்தார். அறிவிக்கும்போதே நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

பக்கம் மூடினால் மறுபடி ஆன்ட்டி வீட்டுக்குத் தண்ணீர் கிடையாது. அதனால் தேட ஆரம்பித்தேன்.

முதல் தவறு என்னுடையது. ஐபி முகவரியைப் போட்டால் வரைபடத்தில் இடம் காட்டும் தளம் ஒன்றைச் செயலாளர் முன்னாலேயே திறந்தேன். சிவப்புப் புள்ளி செம்பரம்பாக்கம் ஏரியின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தது.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "ஏன் பாப்பா, ஏரியே நம்மகிட்ட தண்ணிக்கு லைன்ல நிக்குதா?"

"இல்ல அங்கிள், இது குத்துமதிப்பா காட்டுறது. நிஜ இடம் இல்ல."

"குத்துமதிப்புன்னாலும் கரையிலயாவது காட்டக் கூடாதா?"

அன்று மாலைக்குள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில், படகில் உட்கார்ந்து யாரோ நம் தண்ணீரைத் திருடுகிறார்கள் என்ற அளவுக்குச் செய்தி வளர்ந்திருந்தது. "என் நம்பரத் திருடிட்டானுங்க, போலீசுக்குப் போகணும்" என்று முதல் மாடி அங்கிள் நான்கு குரல் பதிவுகள் அனுப்பியிருந்தார்.

வரைபடத்தை மூடிவிட்டு முறையான வழிக்கு வந்தேன். எந்த ஐபி முகவரி எந்த நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது என்பதற்குப் பொதுப் பதிவேடு உண்டு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புகார் அனுப்ப வேண்டிய மின்னஞ்சலும் அதில் இருக்கும். நான் தேடிய முகவரி, பூந்தமல்லி பக்கம் வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்துடையது. ஏழு குறிப்புகளோடு புகார் எழுதி அனுப்பினேன். பெட்டி நிரம்பிவிட்டது என்று ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தது. பதிவேட்டில் தொலைபேசி எண்ணும் இருந்ததால், திங்கட்கிழமை அழைத்தேன். உரிமையாளரே எடுத்தார்.

"இன்னா மேடம், ஒரு நம்பர குட்த்துட்டு ஆளக் காட்டுன்னா எப்டி? அந்த ஒரு நம்பருக்குப் பின்னால எரநூறு ஊடு கீது. எந்த ஊட்டுல போயி நான் கதவத் தட்டுவேன்?"

"தேதி, நேரம் எல்லாம் சொன்னேனே சார்."

"நேரம் செகண்டோட வோணும். போர்ட் நம்பர் வோணும். நீங்க இந்த லைன்ல தான வேல பாக்குறீங்க? தெர்ல?"

தெரியும். ஐபி முகவரி குடியிருப்பின் வாசல் என்றால், போர்ட் எண்தான் கதவு எண். கதவு எண்ணை வைத்தே பக்கம் செய்த நான், அந்தக் கதவு எண்ணைப் பதிவுசெய்ய மறந்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. "அனுப்புறேன் சார்" என்று வைத்துவிட்டேன்.

போர்ட் எண்ணையும் பதியும்படி மாற்றிய பிறகு, செவ்வாய் மாலை பக்கம் திறந்தது. ஏழு மணி பதினான்காவது நொடியில் நம் ஆள் வந்துவிட்டார். பதினேழு வரிகளையும் நொடி, போர்ட் எண்ணோடு அட்டவணையாக்கி, உரிமையாளர் சொன்ன வாட்ஸப் எண்ணுக்கு அனுப்பினேன். "பேரெல்லாம் சொல்ல முடியாது மேடம், ரூல்ஸ் கீது. ஆனா நம்ம ஆளு நேர்ல போயி கண்டிச்சிட்டு வருவான்" என்றார். எனக்கு அதுவே போதும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு ஒரு அழைப்பு வந்தது. மூன்றாம் மாடி ஆன்ட்டி. அம்மா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அக்கா, இந்த அநியாயத்தக் கேளுங்க. காட்டுப்பாக்கத்துல தங்கச்சி வீட்டுக்கு நெட்டுக்காரன் வந்து, இந்த வீட்லேர்ந்து தண்ணி பக்கத்துமேல தாக்குதல் நடக்குதுங்கறான். நான் கால நீட்டிக்கிட்டுப் படுத்திருக்கேன், நான் யாரத் தாக்கறேன்?"

நான் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தினேன்.

"ஆன்ட்டி, நீங்க எத்தன வீட்டுக்குப் பதிவு பண்ணீங்க?"

"எத்தனன்னா? நான் எப்பவும் வெக்கிற வீடுங்கதான். கீழ இருந்தா பதினேழு குடம் வெப்பேன். இப்ப குடம் இல்ல, நம்பர் வெக்கிறேன். நீதானம்மா பண்ணிக் குடுத்த? ரொம்ப வசதியா இருக்கு. அது இருக்கட்டும், எந்தப் படுபாவி புகார் குடுத்தான்?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன். ஆன்ட்டி, "படிச்ச பொண்ணு, என்னண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?" என்றார். அவர் வீட்டில் கணவரைத்தான் கேட்டிருந்தேன். கேட்கவேண்டியவர்கள் பட்டியலில் ஆன்ட்டி பெயர் இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் பட்டியலில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவரைக் காட்டிக்கொடுப்பதா, பக்கத்தை இழப்பதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ஆட்டோ வந்து நின்றது. ஆன்ட்டியே இறங்கினார். கட்டுப் போட்ட காலுக்கு ஒரு நாற்காலி, அவருக்கு ஒரு நாற்காலி.

"நான்தான் போட்டேன். நம்ம குடத்த மட்டும் வெச்சிட்டு வர்றது என்ன பழக்கம்? பேங்க்குல வேல பாக்குற பொண்ணு ஏழு மணிக்கு பஸ்ல தொங்கிட்டிருக்கும். அதுக்கு யாரு வெப்பா, நீங்க வெப்பீங்களா?" என்று செயலாளரைக் கேட்டார்.

செயலாளர் நோட்டைப் பார்த்தார். மற்றப் பதினாறு வீட்டுக்காரர்களும் தரையைப் பார்த்தார்கள். முதல் மாடி அங்கிள்தான் முதலில் வாய் திறந்தார்: "அதான பாத்தேன். எனக்கு ஏன் எப்பவும் நல்ல நம்பரா வருதுன்னு."

பக்கம் இப்போதும் இயங்குகிறது. ஒருவர் தன் வீட்டுக்கும் வேறு இரண்டு வீடுகளுக்கும் பதியலாம். பதிந்தவர் யார் என்பதும் தெரியும். ஆன்ட்டி இரண்டு போதாது என்று மனு கொடுத்திருக்கிறார். அட்டை போட்ட நோட்டு செயலாளரிடம் வெறுமையாக இருக்கிறது. என் புகாரைத் திரும்பப் பெறுவதாக இணைப்பு நிறுவனத்துக்கு இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன். பெட்டி நிரம்பியே இருக்கிறது. சென்ற முறை ஆன்ட்டி வீட்டின் வரிசை எண் நான்கு. எங்கள் வீடு முப்பத்தொன்று.